மேல் ரேவன்பிக்குப் போகவேண்டிய அழைப்பு

கீழ் ரேவன்பி,
தவக்காலத்து நான்காம் ஞாயிறு கழிந்த செவ்வாய்.

வெஸ்ட்மின்ஸ்டரில் அரசரின் எழுத்துச் சாலையில் அமர்ந்து, நாட்டிலுள்ள பெரியவர்களுக்கெல்லாம் அரசர் பெயரால் கடிதம் எழுதும் பேறு பெற்ற என் மதிப்பிற்குரிய அத்தான் தர்ஸ்டன் அவர்களுக்கு, மைத்துனன் ஹாமோ அநேக வணக்கங்களுடன் எழுதிக்கொள்வது. சர்வேசுரன் தயவில் இங்கே நானும் குன்னில்டாவும் நாற்பத்தொரு ஆடுகளும் உயிரோடு இருக்கிறோம். அங்கே தாங்களும் அவீஸ் அக்காவும் பிள்ளைகளும் அவ்வாறே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தங்கள் முதுகுவலி இப்போது எப்படி? அக்காவின் இருமல் நின்றதா? விசாரிக்க வேண்டியதை விசாரித்தாகிவிட்டது. அத்தான், என்ன காரியம் செய்துவிட்டீர்கள்!

இரண்டு வாரத்துக்கு முன்பு ஒரு வியாழக்கிழமை, பட்டியில் தலை ஈத்து ஆடு ஒன்று ஈன முடியாமல் தவித்துக்கொண்டிருந்தது. குட்டி குறுக்கே கிடந்தது. நான் மண்டியிட்டு, முழங்கை வரை உள்ளே விட்டுக் குட்டியைத் திருப்பப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், இடுப்பு வரை சேறு அப்பிய ஒரு மனிதர் குதிரையை விட்டு இறங்கி, "இங்க ஹாமோ யாருங்க?" என்று கேட்டார். நான்தான் என்றேன். "ராசாகிட்டேருந்து வந்திருக்கேன். கையை நீட்டுங்க" என்றார். எந்தக் கையை நீட்டுவது, அத்தான்? ஒரு கை ஆட்டுக்குள் இருக்கிறது, இன்னொரு கை அதன் காலைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. "கொஞ்சம் பொறுங்க, குட்டி வந்துடும்" என்றேன். "ராசா காரியம் பொறுக்காதுங்க" என்று சொல்லி, அந்தத் தோல் சுருளை என் வாயில் செருகிவிட்டார். பல்லால் கடித்தபடியே குட்டியை எடுத்தேன். குட்டி பிழைத்தது. சுருளின் ஓரத்தில் என் பல் பதிந்திருக்கிறது, அது என் தப்பல்ல. வந்தவர் மூன்று உப்பு மீனும் ஒரு குடுவை பார்லிக் கள்ளும் முடித்துவிட்டு, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வைக்கச் சொன்னார். எனக்கு ஏது முத்திரை? குன்னில்டா வெண்ணெய் அச்சைக் கொண்டுவந்து மெழுகில் அழுத்தினாள். ஆகையால் அரசரின் ஆவணங்களில் இனி என் பெயருக்குக் கீழே ஒரு பசுமாடு நிற்கும்.

சுருளைப் பங்குச் சாமியார் ஆஸ்மண்டிடம் எடுத்துக்கொண்டு ஓடினேன். அவருக்கு லத்தீன் பூசைக்குத் தேவையான அளவு தெரியும், அதற்கு மேல் ஊகம். முத்திரையைப் பார்த்ததுமே அவர் தொப்பியைக் கழற்றினார். நானும் கழற்றினேன். "உயிர்த்த ஞாயிறு முடிஞ்சு பதினஞ்சாம் நாள் வெஸ்ட்மின்ஸ்டருக்கு நீ நேர்ல வரணும்ப்பா. பாராளுமன்றம் கூடுது. எந்தச் சாக்குப்போக்கும் செல்லாதாம்" என்றார். எதற்கு வர வேண்டும் என்று கேட்டேன். அவர் விரலால் ஒரு சொல்லைத் தடவிக்கொண்டே வெகுநேரம் இருந்தார். "ராசாவோட சேந்து... இந்தச் சொல்லுக்கு ரெண்டு அர்த்தம் உண்டு ஹாமோ. ஒண்ணு, கலந்து பேசுறது. இன்னொண்ணு, தரதரன்னு இழுக்கிறது."

"யார யாரு இழுக்கிறது சாமி?"

"அது இதுல போடல."

அந்த நேரத்தில்தான் நான் எழுத்தைப் பார்த்தேன். எனக்கு லத்தீன் தெரியாவிட்டாலும் எழுத்து தெரியும். பதினான்கு வருடமாக ஒவ்வொரு கிறிஸ்து பிறப்புக்கும் அதே கையெழுத்தில், அதே வளைந்த வாலோடு எனக்கு வாழ்த்து வருகிறது. பெயரையும் ஊரையும் பார்த்தேன். ஹாமோ, ரேவன்பி, அதற்கு முன்னால் 'கீழ்'. அத்தான், அரசர் அழைத்தது மேல் ரேவன்பிக் கோட்டையில் இருக்கும் பிரபு ஹாமோவை. ஐம்பது குதிரைவீரர்கள், நான்கு கிராமங்கள், தலைமுறை தலைமுறையாகப் பாராளுமன்றத்தில் ஆசனம். 'ஹாமோ, ரேவன்பி' என்பது சரிதான், ஆனால் எனக்கு எழுதி எழுதிப் பழகிய தங்கள் கை முன்னால் 'கீழ்' என்று போட்டுவிட்டது. தாங்கள் என்மேல் வைத்திருக்கும் அன்பு எனக்கு விளங்குகிறது. ஆனால் அதை இந்த இடத்திலா காட்டுவது?

சாமியாரிடம் இது என் அத்தானின் கை என்று சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. அரசர் பெயரால் போகும் கடிதத்தைத் தப்பான ஆளுக்கு எழுதினால் எழுதியவருக்கு வேலை போகுமா, கை போகுமா என்று எனக்குத் தெரியாது. அக்காவின் முகம் கண்முன்னே வந்தது. போகாவிட்டால் அரசர் ஆணையை மீறியவன், போனால் பிரபு வேடம் போட்ட ஆட்டுக்காரன். திருப்பி அனுப்பினால் தங்கள் தலை. எந்தப் பக்கம் திரும்பினாலும் நம் குடும்பத்தில் ஒருவருக்கு ஆபத்து. குன்னில்டாதான், "ஏங்க, இதுக்கு எதுக்கு இப்படி வேர்த்துக் கொட்டுது? யாருக்கு வந்ததோ அவருகிட்டயே கொண்டுபோய்க் குடுத்துட்டு வாங்க" என்றாள். பெண்களுக்கு எல்லாம் சுலபம். ஆனாலும் சரியாகத்தான் பட்டது. பிரபுவிடம் ரகசியமாகச் சேர்த்துவிட்டால் தவறு நடந்ததே வெளியே தெரியாது அல்லவா?

மறுநாள் படகேறி ஆற்றைக் கடந்து, மலையேறி, மேல் ரேவன்பிக்குப் போனேன். வாசலிலேயே வறுத்த மான்கறி வாசனை வந்தது. கறி தொடக்கூடாத தவக்காலத்தில்! பிரபுவுக்கு உடம்பு சரியில்லை, வைத்தியர் சொல்லியிருக்கிறார் என்றார் காரியக்காரர் ஃபுல்க். உடம்பு சரியில்லாத பிரபு ஒரு மான் தொடையைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் மண்டியிட்டு, இது தங்களுக்கு வரவேண்டியது, வழி தவறி என்னிடம் வந்துவிட்டது என்று நீட்டினேன். அவருடைய எழுத்தர் படித்துக் காட்டினார். பிரபு மெல்லுவதை நிறுத்தினார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார், அத்தான். மேசை குலுங்கச் சிரித்தார்.

"கீழ்னு போட்டிருக்கா? நல்லாப் பாத்தியா?" என்று எழுத்தரிடம் கேட்டார்.

"கீழ்னுதான் போட்டிருக்குங்க பிரபுவே."

"அப்ப இது எனக்கு இல்லப்பா, உனக்கு! ராசா ஒன்னத்தான் கூப்பிடறாரு. நான் போனா என்ன கேப்பாரு தெரியுமா? ஸ்காட்லாந்துக்காரனோட சண்டைக்கு ஐம்பது குதிரை குடும்பாரு. கம்பளிக்கு வரி போடச் சம்மதிம்பாரு. மாட்டேன்னா மொறைப்பாரு. போன தடவ போயிட்டு வந்து என் வயிறே கெட்டுப்போச்சு. நீ போ. போயி உக்காரு. என்ன கேட்டாலும் எங்கிட்ட ஒரு குருட்டுக் குதிரைதான் இருக்குன்னு சொல்லு. பொய்யா சொல்லப்போற?"

"எசமான், நான் ஆடு மேய்க்கிறவன்..."

"அதுக்கென்ன? அங்க வர்றதுல பாதிப்பேருக்கு அதுவும் தெரியாது."

நான் இன்னும் கெஞ்சினேன். அவர் முகம் மாறியது. இந்தக் கடிதத்தைப் பற்றி வெளியே வாய் திறந்தால், அதை எழுதியவன் யார் என்று தானே ஆள் அனுப்பி விசாரிக்கப்போவதாகச் சொன்னார். அதோடு சுருளை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். காரியக்காரர் ஃபுல்க் என்னை வாசல் வரை கொண்டுவந்து விட்டார். "நல்லபடியா போயிட்டு வாங்க, பிரபு ஹாமோ" என்றார். காவல்காரர்கள் சிரித்தார்கள். படகுக்காரன் வரை அந்தச் செய்தி எனக்கு முன்னால் போயிருந்தது.

அதற்குப் பிறகு இந்த ஊரில் எனக்கு நிம்மதி இல்லை. ஞாயிற்றுக்கிழமை குன்னில்டா கோயிலுக்கு முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து, மாவு ஆலைக்காரர் மனைவிக்கு முன்னால் போட்டு உட்கார்ந்துவிட்டாள். பதினாறு வருடமாக அந்த இடம் ஆலைக்காரர் மனைவியுடையது. "ஏண்டி குன்னில், ராசா ஒம் புருசனத்தானே கூப்பிட்டாரு, ஒன்னையுமா கூப்பிட்டாரு?" என்று அவள் பூசை நடுவிலேயே கேட்க, "என் புருசனயாவது ஒருத்தர் கூப்பிட்டாரு" என்று இவள் சொல்ல, சாமியார் ஆசீர்வாதத்தை இரண்டு தடவை சொல்ல வேண்டியதாயிற்று. அந்த வாரம் முதல் எங்கள் வீட்டில் மாவு இல்லை, ஆலையில் எங்கள் தானியத்துக்கு மட்டும் முறை வரவே மாட்டேன் என்கிறது. வழியில் பார்ப்பவர்கள் எல்லாம் தொப்பியைத் தொடுகிறார்கள். பாதிப்பேர் கேலிக்கு, பாதிப்பேர் நிஜமாக. யார் எந்தப் பாதி என்று தெரியாமல் நான் எல்லோருக்கும் தலையசைத்து எனக்குக் கழுத்து வலி வந்துவிட்டது.

அடுத்து மனுக்கள் வர ஆரம்பித்தன. பாராளுமன்றத்துக்குப் போகிறவர் ஊரார் குறைகளை அரசரிடம் கொண்டுபோகலாம் என்று சாமியார் எந்த நேரத்தில் சொன்னாரோ! ஒருவருக்குப் பக்கத்து வீட்டுப் பன்றி. ஒருவருக்கு மடத்துத் துறவிகள் வேலியை நகர்த்திவிட்டார்கள். இன்னொருவர் தன் மாமியார் எப்போது போவார் என்று அரசரிடம் கேட்கச் சொன்னார். அவர் குடித்திருந்தார். எல்லாவற்றையும் சாமியார் ஒரே தோலில் நெருக்கி எழுதிக்கொண்டார். எழுத எழுத அவருக்கே உற்சாகம் வந்துவிட்டது.

கடைசியாக இடோனியா வந்தாள். தங்களுக்கு அவளைத் தெரிந்திருக்காது. கூரை வேய்கிற வில்கினின் மனைவி, போன குளிர்காலத் தொடக்கத்து மார்ட்டின் திருநாள் முதல் கைம்பெண். எங்கள் ஆற்றுப் பாலம் இடிந்து ஒன்பது வருடம் ஆகிறது, அதைப் பழுதுபார்க்க வேண்டியவர் மேல் ரேவன்பிப் பிரபு. அது அவர் பாட்டனார் காலத்திலிருந்து அவர்கள் கடமை. ஆனால் பாலம் போன மறுமாதமே அங்கே அவருடைய கூலிப் படகு வந்துவிட்டது. படகு இருக்கும்போது பாலம் எதற்கு என்று அவருக்குத் தோன்றியிருக்கும். படகுக்காரன் பொழுது சாய்ந்தால் வரமாட்டான். அன்றைக்கு இடோனியாவின் பெண்ணுக்குக் காய்ச்சல், அக்கரையில்தான் வைத்தியக்காரி. வில்கின் கரையில் நின்று கூப்பிட்டுப் பார்த்திருக்கிறான், பிறகு பாலத்தில் மிச்சமிருந்த இரண்டு மரங்கள்மேல் கால் வைத்துப் போயிருக்கிறான். கூரைமேல் நடந்து பழகியவன், முடியும் என்று நினைத்திருப்பான். பெண் பிழைத்துக்கொண்டாள். வில்கினை நான்காம் நாள் ஆலை மடையில் எடுத்தோம். எடுத்தவர்களில் நானும் ஒருவன்.

அவள் உட்காரக்கூட இல்லை. "அண்ணே, நான் வேற எதுவும் கேக்கல. அங்க நின்னு, ரேவன்பியில பாலம் இல்லைன்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க. சத்தமாச் சொல்லிடுங்க. அது போதும்" என்றாள்.

பார்க்கலாம் என்றேன். நான் பார்க்கலாம் என்று சொன்னால் என்ன பொருள் என்று அக்காவைக் கேளுங்கள், சொல்வாள். யாருக்கு எதிராக நான் சொல்வது, அத்தான்? அந்தப் பிரபு எழுந்தால் எங்கள் ஊரே எழுந்து நிற்கும். அவர் காட்டில்தான் நாங்கள் விறகு பொறுக்குகிறோம். அவர் ஆற்றில்தான் என் ஆடுகள் தண்ணீர் குடிக்கின்றன. அந்த மண்டபத்தில் வலப்பக்கம் ஆயர்கள், இடப்பக்கம் பிரபுக்கள், நடுவில் அரசர், இவர்களுக்கு முன்னால் ஆட்டுமொச்சை அடிக்கும் நான் நின்று, சத்தமாக வேறு! அன்றிலிருந்து நான் இடோனியாவின் வீட்டு வழியாகப் போவதில்லை, ஆலைக்குப் பின்னால் சுற்றிப் போகிறேன்.

ஆகையால் தங்கள் காலைப் பிடித்துக் கேட்டுக்கொள்கிறேன். இந்தக் கடிதம் லண்டன் பக்கம் போகும் கம்பளிப் பொதிக்காரர் கையில் பத்து நாளில் வந்து சேரும். சேர்ந்தவுடன், யாருக்கும் தெரியாமல், மேல் ரேவன்பிக்கு ஒரு புது அழைப்பு எழுதி அனுப்பிவிடுங்கள். அங்கே பெயர்ப் பட்டியல் ஒன்று இருக்குமே, அதில் 'கீழ்' என்பதைச் சுரண்டி 'மேல்' என்று ஆக்கிவிடுங்கள். தோல்தானே, நன்றாகச் சுரண்ட வரும். அதுவும் முடியாவிட்டால் என் பெயருக்கு எதிரே 'இறந்துவிட்டார்' என்று எழுதிவிடுங்கள். எனக்கு ஆட்சேபம் இல்லை. காகிதத்திலோ தோலிலோ எத்தனை தடவை வேண்டுமானாலும் சாவதற்கு நான் தயார், வெஸ்ட்மின்ஸ்டரில் நிற்பதற்குத்தான் தயாரில்லை. ஊராரிடம் ஆசனம் இல்லையாம் என்று சொல்லிக்கொள்கிறேன். இடோனியாவிடம் என்ன சொல்வதென்று பிறகு யோசிக்கிறேன்.

அக்காவுக்கு என் அன்பைச் சொல்லவும். இது எதுவும் அவளுக்குத் தெரிய வேண்டாம். பிள்ளைகளின் தலையில் என் சார்பில் கை வைத்து ஆசீர்வதியுங்கள். தங்கள் விரல்கள் நீண்டகாலம் தங்களிடமே இருக்க வேண்டுமென்று தினமும் சாமியார் பூசையில் நான் மன்றாடுகிறேன். காரணம் சொல்லவில்லை, விரல்கள் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.

தங்கள் அன்புக்கும் தங்கள் கைத்தவறுக்கும் ஆளான,
மைத்துனன் ஹாமோ.

பின்குறிப்பு, அடுத்த ஞாயிறு பிற்பகல்:

கம்பளிப் பொதிக்காரர் புறப்படத் தாமதமானதால் கடிதம் இன்னும் என்னிடமே இருக்கிறது. நல்லதாயிற்று. அத்தான், மேலே எழுதியதில் நலம் விசாரித்த பகுதி மட்டும் செல்லும். மற்றதையெல்லாம் விட்டுவிடுங்கள். பட்டியலில் கத்தியை வைத்துவிடாதீர்கள்! நான் சாகவும் வேண்டாம்.

இன்று பூசை முடிந்து எல்லோரும் கோயில் வாசலில் நிற்கும்போது, காரியக்காரர் ஃபுல்க் இரண்டு தடிகாரர்களோடு வந்தார். "யோவ் ஹாமோ, எடுய்யா அந்தக் கடுதாசிய. பிரபு பேருக்கு வந்தத நீ எத்தன நாளு அமுக்கி வச்சிருப்ப?" என்றார். இரண்டு வாரமாக எவராவது வந்து அதை வாங்கிக்கொண்டு போகமாட்டார்களா என்று நான் ஏங்கிக் கிடந்தது சர்வேசுரனுக்குத் தெரியும். என் கை தானாகவே சட்டைக்குள் போய்விட்டது. சும்மா கேட்டுவைப்போம் என்று, "பிரபுவுக்கு உடம்பு தேவலையா?" என்றேன். "அவரு உடம்பு நல்லாத்தான் இருக்கு. நீ பாலத்தப் பத்தி மனு எழுதி எடுத்துக்கிட்டுப் போறியாமே? ஆட்டுக்காரனுக்கு எதுக்குய்யா பாலம்? கடுதாசியும் வேணும், அந்த மனுவும் வேணும்" என்றார்.

நான் இடோனியாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்து ஏதாவது சொல்லியிருந்தால், அழுதிருந்தால், நான் கொடுத்திருப்பேன் என்றே நினைக்கிறேன். எனக்கு அழுகையைக் கண்டால் ஓடத்தான் தோன்றும். அவளோ, இது இப்படித்தான் முடியும் என்று முன்பே தெரிந்ததுபோல், குனிந்து மகளின் செருப்பு வாரைக் கட்ட ஆரம்பித்துவிட்டாள். அவ்வளவுதான்.

"இது எனக்கு வந்தது" என்றேன். என் குரல்தான், ஆனால் எனக்கே பழக்கமில்லாத குரல். "பிரபுவே படிக்கச் சொல்லிக் கேட்டாரு. எனக்கு இல்ல, ஒனக்குன்னு அவர் வாயால சொன்னாரு. கீழ்னு எழுதியிருக்கு. சாமி, படிங்க!"

சாமியார் முதலில் தடிகாரர்களை ஒருமுறை பார்த்தார். ஆனால் முத்திரையைத் தூக்கிப் பிடித்து, கோயிலுக்குள் ஒருநாளும் வராத குரலில் லத்தீனை முழங்க ஆரம்பித்தார். அரசர் முத்திரை அல்லவா, ஊரே தொப்பியைக் கழற்றியது. தடிகாரர்கள் ஒருவரையொருவர் பார்த்துவிட்டுக் கழற்றினார்கள். கடைசியாக ஃபுல்க்கும் கழற்ற வேண்டியதாயிற்று. இரண்டு கையாலும் தொப்பியைப் பிடித்துக்கொண்டு ஊர் நடுவில் நிற்பவர் எப்படிக் கடிதத்தைப் பிடுங்குவார்? படித்து முடித்தபோது ஆலைக்காரர் மனைவி "ராசா கடுதாசியத் தொடுறவன் கை வெளங்காது!" என்று கத்தினாள். எங்கள் பக்கம் சேர்ந்துதான் கத்தினாள். ஃபுல்க் போய்விட்டார். திரும்பி வருவார். அதற்குள் நான் கிளம்பியாக வேண்டும்.

பொதிக்காரரோடு நாளை காலையே புறப்படுகிறேன். ஆற்றுப் படகு எங்களை ஏற்றாது, மலையைச் சுற்றித்தான் வரவேண்டும். குன்னில்டா ஈனுகிற ஆடுகளோடு இருந்துகொள்கிறாள். இடோனியாவையும் கூட்டிக்கொண்டு போகச் சொல்லிவிட்டாள். "நீங்க தனியாப் போனீங்கன்னா ராசா முன்னால தலையாட்டிட்டு வந்துருவீங்க. அவ பக்கத்துல நின்னாதான் ஒங்களுக்கு வாய் தொறக்கும்" என்றாள். உண்மைதான். இடோனியா மகளை யாரிடமும் விடமாட்டாள், ஆக மூன்று பேர். தாங்கள் யோசித்துப் பாருங்கள், நான் போய் உட்கார்ந்துவிட்டால் தங்கள் தவறு தவறே இல்லை, தாங்கள் எழுதியபடி ஒருவர் வந்துவிட்டார். எங்கே நிற்பது, எப்போது எழுவது, சத்தமாக என்றால் எவ்வளவு சத்தம், இவற்றை மட்டும் எனக்குச் சொல்லிக்கொடுங்கள்.

இந்தக் கடிதத்தைத் தங்களிடம் கொடுக்கப்போவதும் நான்தான். நேரில் சொல்ல எனக்கு வாய் வராது, அதனால் கதவிடுக்கில் செருகிவிட்டு வாசலில் நிற்பேன். கோபம் வந்தால் உள்ளேயே வைத்துத் தீர்த்துக்கொள்ளுங்கள், ஆனால் சீக்கிரம் தீர்த்துக்கொண்டு கதவைத் திறங்கள். பிள்ளைக்கு ஐந்து வயதுதான், பத்து நாள் கம்பளிப் பொதிமேல் உட்கார்ந்து வந்திருப்பாள்.